சோற்றுக் கல்லும் மாமாவின் கல்லும்

என் சமையலறைச் சுவரில் ஓர் அரிக்கஞ்சட்டி தொங்குகிறது. உட்புறம் வரிவரியாகக் கோடு போட்ட அலுமினியச் சட்டி. அரிசியைத் தண்ணீரோடு ஆட்டினால் கல் அந்தக் கோடுகளில் தங்கிவிடும். கேகாலையில் நான் வாங்கும் பாக்கெட் அரிசியில் கல்லே கிடையாது. இருந்தும் அதைக் கழற்றிப் போட மனம் வரவில்லை. அது அத்தையுடையது.

கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அத்தை கொழுந்து பறித்தார். மாமாவுக்கு பேக்டரியில் வேலை. அந்த ஊர்க் கடைத்தெருவில் ‘கல்லு கிடைச்சிருக்கு’ என்றால் ஆட்கள் ஓடி வருவார்கள். மண்ணைத் தோண்டி எடுக்கும் மாணிக்கம் என்று அர்த்தம். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கிடைத்ததோ மாமாவின் சிறுநீரகத்தில் இருந்த கல். ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள், திரும்ப வளர்ந்தது. காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. கடைசியில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

பிணத்தை எடுக்கும் முன்பே பேச்சு கிளம்பிவிட்டது. “சோத்த ஒழுங்கா அரிச்சுப் போட்டிருந்தா மனுசன் இருந்திருப்பான்” என்று மாமாவின் அக்கா வாசலில் நின்று அழுதார். சோற்றில் கிடந்த கல்தான் உள்ளே சேர்ந்து சேர்ந்து பெரிதாகிவிட்டதாம். லயத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. சிங்கள டொக்டரும் ‘கல்’ என்றே சொல்லியிருந்தார். இரண்டு பாஷையிலும் சொல் ஒன்றுதான். அப்புறம் என்ன சந்தேகம்? அந்த அம்மா மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

அதற்குப் பிறகு அத்தை யாருக்கும் சோறு போட்டதில்லை. யார் வந்தாலும் ரொட்டி சுட்டு, தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சம்பல் அரைத்துக் கொடுப்பார். தனக்கென்று ஒரு பிடி அரிசியை மட்டும் விரல் விறைக்கும்வரை அரித்துக்கொண்டிருப்பார். “கல்லு கடிச்சாலும் அவரு சொல்ல மாட்டாரு புள்ள. முழுங்கிருவாரு” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அந்த நினைப்புதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

படித்து ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அங்கிருந்த டொக்டரிடம் இதைக் கேட்டேன். சோற்றுக் கல் குடல் வழியே வெளியே போய்விடும், சிறுநீரகத்துக்குப் போக அதற்கு வழியே இல்லை என்றார். சில கிருமிகள் சிறுநீரின் தன்மையையே மாற்றி, உப்புகளைப் படியவைத்துக் கல் கட்டும், அதில் சந்தேகமில்லை. அவற்றைவிட மிகச் சிறிய துகள்கள் சிறுநீரகக் கல்லிலும், சுண்ணாம்பேறி இறுகிய இரத்தக் குழாய்களிலும் அகப்பட்டிருக்கின்றனவாம். தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பை ஓடாகக் கட்டிக்கொள்ளும் உயிர்கள் அவை என்று சிலர் சொல்கிறார்கள். உயிரே இல்லை, வெறும் துகள் என்று மற்றவர்கள் மறுக்கிறார்கள். முடிவாக எதுவும் சொல்வதற்கில்லை என்றார். படித்தவர்களே இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கில், எங்கள் லயம் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

அடுத்த லீவில் தோட்டத்துக்குப் போனேன். அத்தைக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது.

“மாமாவுக்குக் கல்லு கட்டுனது கிருமியா இருக்கலாம் அத்தை. அது இனி யாருக்கும் தெரியாது. ஆனா ஒங்க சோறு இல்ல. அது நிச்சயம்.”

“கிருமி போயி கல்லு கட்டுமா?”

“கட்டும் அத்தை. விட்டு விட்டு காய்ச்சல் வந்துச்சே, அதுவும் கிருமியாலதான் இருக்கும்.”

அத்தை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நான் இல்லையா?” என்றார்.

“நீங்க இல்ல.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மாமா செத்த அன்று அழாத அழுகை அது. நானும் அழுதேன்.

பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, ஆணியில் தொங்கிய சட்டியை எடுத்தார். எனக்காக அரிசி அரித்து உலை வைத்தார். பருப்பும் கருவாட்டுக் குழம்பும் ஊற்றிச் சோறு போட்டார். பாதிச் சாப்பாட்டில் என் பல்லில் நறுக்கென்றது. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டேன்.

“கல்லு கடிச்சுச்சா?”

“இல்ல அத்தை.”

“அவரும் இப்பிடித்தான் சொல்வாரு” என்று சிரித்துக்கொண்டே, இன்னோர் அகப்பை சோறு வைத்தார்.

நான் புறப்படும்போது சட்டியைத் துடைத்து என் பையில் வைத்துவிட்டார். “இனிமே எனக்கு என்னாத்துக்கு?” என்றார்.

அத்தை இப்போது இல்லை. சில நாட்களில், பாக்கெட் அரிசிச் சோற்றை நான் மெதுவாக மென்று பார்ப்பதுண்டு. ஒரு கல்லும் கடிபடுவதில்லை.