விடுமுறைக்கு நிறுத்திவைத்த மாத்திரை

வருஷக் கடைசியில் தையல் கம்பெனியைப் பூட்டினால் அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் சந்தோஷம். பெரியக்காவுக்கு மட்டும் கவலை. செக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்றபடி, தைத்து வந்த சட்டைகளில் பிசிறு வெட்டி, பட்டனை இழுத்துப் பார்த்து, கறை தேடுகிற வேலை அவளுக்கு. கால் வீங்கும், கண் எரியும். ஆனாலும் அங்கே டீ நேரம் என்று ஒன்று உண்டு. யாரோ போட்ட டீயை உட்கார்ந்து குடிக்கலாம். வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விடுமுறை முடிந்தால்தான் இவளுக்கு ஓய்வு என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதில் கேலி எதுவும் இல்லை என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு இரண்டு தம்பிகளுக்கும் தங்கைக்கும் அவள் வீடுதான் பிறந்த வீடு. விடுமுறை விட்டதும் மூன்று குடும்பமும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடும். பாசத்தில் குறை சொல்ல முடியாது. அக்கா அக்கா என்று காலைச் சுற்றி வருவார்கள். அக்கா கைமணம் யாருக்கு வரும் என்பார்கள். சாப்பிட்ட தட்டை மட்டும் அங்கேயே போட்டுவிட்டு எழுந்து போவார்கள். என்ன பாசமோ! மாடி வீடு, இரண்டு அறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத சமையலறை, பின்பக்கம் ஒரே ஒரு கழிப்பறை. வினை அந்தக் கழிப்பறையில்தான் இருந்தது.

பெரியக்காவுக்கு ரத்தக் கொதிப்பு. அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை நீரைப் பிரிக்கிற வகை. காலையில் போட்டால் மத்தியானம் வரை அடிக்கடி உள்ளே போய் வரவேண்டும். சாதாரண நாளில் அது ஒரு தொல்லையே இல்லை. வீடு நிறைய ஆள் இருந்து, கதவுக்கு வெளியே துண்டும் பக்கெட்டுமாக வரிசை நிற்கும்போதுதான் உயிர் போகும். ஒரு வருஷம் தங்கை வீட்டுக்காரர் வரிசையில் நின்றுகொண்டு, "அக்கா உள்ளேயே குடித்தனம் போயிட்டாங்க போல" என்றார். கூடமே சிரித்தது. மனிதர் தப்பாக நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்றைக்கே மாத்திரை அட்டையைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள். எல்லோரும் ஊருக்குப் போனபிறகுதான் வெளியே எடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அதனால் அடுத்த வருஷமும் அப்படியே செய்தாள், அதற்கடுத்த வருஷமும். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. இதையெல்லாம் போய் எந்த வாயால் சொல்வது?

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். தங்கமான ஆள்தான். ஆனால் யார் மனதும் கோணக்கூடாது என்று நினைக்கிற ரகம். அவர் நினைப்பில் அந்த 'யார்' என்கிற கணக்கில் அவள் மட்டும் சேர்த்தி இல்லை. இந்த வருஷம் விடுமுறைக்கு முன்னால் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"இந்தத் தடவை வேண்டாம்னு நீங்க சொல்லுங்களேன். எனக்கு முடியல. நான் சொன்னா தப்பாப் போயிடும்."

"உன் கூடப்பிறந்தவங்கம்மா. நான் போய் எப்படிச் சொல்றது? ஆயுசுக்கும் பேச்சுக் கேட்கணும். ஒரு பத்து நாள் பல்லைக் கடிச்சிக்கோ."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வந்தார்கள். மாத்திரை அட்டை மறுபடி புடவைக்கு அடியில் போனது. பாய் போதாமல் அவள் சமையலறையில் அடுப்படியை ஒட்டிச் சுருண்டுகொண்டாள். எல்லோரும் தூங்கியபிறகு படுத்து, யாரும் எழுவதற்கு முன்னால் எழுந்தாள். பின்கழுத்து இறுகியது. தலைவலி மாத்திரையைக் கடலை மாதிரி வாயில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் மாவு பிசைந்தாள். ஒரு காலையில் சின்னத் தம்பி மனைவிக்கு டீ நீட்டும்போது டம்ளர் கையிலிருந்து நழுவியது. விரலுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. சொல்ல வாயெடுத்தாள், நாக்கு குழறியது.

"அண்ணிக்குத் தூக்கமே போகல" என்று சின்னத் தம்பி மனைவி சிரித்தபடி தரையைத் துடைத்தாள். பெரியக்காவின் வாய் ஒரு பக்கம் இழுத்ததைப் பார்த்து, பெரியம்மா வேடிக்கை காட்டுகிறாள் என்று தங்கை பிள்ளைகள் கைதட்டின. அந்த நேரத்தில் அவளுக்கு வந்த பயம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. கத்தவேண்டும் போலிருந்தது. தங்கை அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் அறையில் படுக்கவைத்து, "கொஞ்சம் தூங்குக்கா, சரியாயிடும்" என்று கதவைச் சாத்தினாள். அன்பாகத்தான் சாத்தினாள். கோழி வாங்கப் போன புருஷன் கடைவீதியெல்லாம் சுற்றித் திரும்பி வந்து, எட்டிப் பார்த்தபிறகுதான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எப்போது ஆரம்பித்தது என்பது. உடனே கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டு மூளையில் அடைப்பைக் கரைக்கப் பார்த்திருக்கலாமாம். பீரோவில் மாத்திரை அட்டை கிடைத்த கதையைப் பிறகு கேட்ட நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இது ஒத்துவரலன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேற மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பாரே" என்றார். அவ்வளவுதான் சங்கதி. ஒரு வார்த்தை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நல்லவிதமாகவே எடுத்துச் சொன்னார். "மருந்தை ஒருநாளும் விடக்கூடாது. கைவைத்தியமா தலைவலி மாத்திரை வேண்டவே வேண்டாம். விருந்தாளி வந்தாலும் தூக்கம் குறையக்கூடாது. வேலையைப் பங்கு போடுங்க, வர்றவங்களும் சமைக்கட்டும், இல்லன்னா வெளியே வாங்கிச் சாப்பிடட்டும். முடியலன்னா முடியலன்னு வாயைத் திறந்து சொல்லப் பழகணும்." வலது கையும் பேச்சும் போய் உட்கார்ந்திருக்கிறவளிடம் இதைச் சொன்னார். பாவம், அவர் வேறு யாரிடம் சொல்வார்?

பேச்சு முழுக்கப் போய்விடவில்லை. அதுதான் கொடுமை. நினைத்ததைச் சொல்ல வராது. வருஷக்கணக்காக வாய்க்குப் பழகிப்போன ஒன்றிரண்டு வார்த்தை மட்டும் தானாக வரும். தண்ணீர் வேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தால் "வாங்க, வாங்க" என்று வரும். வலிக்கிறது என்று நினைத்தால் "சாப்பிட்டீங்களா" என்று வரும். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண், இந்த நோயில் இப்படி ஆவதுண்டு, போகப்போக மாறலாம் என்றாள். மாறும் என்று சொல்லவில்லை.

அடுத்த விடுமுறையும் வந்தது. பெரிய தம்பி போன் செய்தான். புருஷன் ஸ்பீக்கரில் போட்டு அவள் மடியில் வைத்தார்.

"அக்கா, இந்த வருஷம் உன்னைத் தனியா விடமாட்டோம். எல்லாரும் வரோம். வரட்டுமா?"

வேண்டாம். அவள் மனதில் அந்த ஒரு வார்த்தை தெளிவாக நின்றது. இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, அதை வாய்வரை கொண்டுவந்தாள்.

"வாங்க" என்றாள். "வாங்க, வாங்க."

போனுக்குள் ஒரே சந்தோஷக் கூச்சல். அக்கா பேசிட்டா, அக்கா கூப்பிடுறா என்று யாரோ யாரிடமோ ஓடுவது கேட்டது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இடது கை இல்லை இல்லை என்று காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. புருஷன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"வரவேண்டாம்ப்பா" என்றார்.

"என்ன மாமா, அக்காவே வாங்கன்னு சொல்லுதே?"

"அவ சொல்லுவா. நான் வேண்டாம்ங்கிறேன்."

மறுபக்கம் கொஞ்சம் முனகலாகக் கேட்டது. சரி மாமா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான் தம்பி. போன் அடங்கியது. அவ்வளவுதான். யாரும் சண்டைக்கு வரவில்லை, யாரும் உறவை முறித்துக்கொண்டு போகவில்லை, ஆயுசுக்கும் பேச்சுக் கேட்கவேண்டி வரவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

புருஷன் அவள் கண்ணைத் துடைக்க வந்தார். தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது. இவ்வளவு சுலபமா இது? இத்தனை வருஷமும் இது உங்கள் வாயில்தானே இருந்தது? அதை இப்போதே, இந்த நிமிஷமே, அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று அவர் கையைத் தட்டிவிட்டு வாயைத் திறந்தாள்.

"சாப்பிட்டீங்களா" என்றுதான் வந்தது.