கடலிலிருந்து பார்த்த மவுண்ட் ரோடு

மவுண்ட் ரோட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். ஆனால் வேலை பார்த்த இருபது வருஷமும் பாரிமுனையில் பஸ் மாறி அந்த ரோட்டுக்குத்தான் போய்வந்தேன். கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போன பழைய பாதை அது என்பேன். அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் துரை சிலை, ஆயிரம் விளக்கு மசூதி, ஒரு காலத்தில் ஊரிலேயே உயரமாக இருந்த பதினாலு மாடிக் கட்டடம் என்று ஒப்பித்துக்கொண்டே போவேன். கேட்பவர்கள் கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டேன்.

போன வருஷம் என் அப்பாவை, நாங்கள் கூப்பிடுவது நைனா, அந்த ரோட்டில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். நைனா காசிமேட்டில் ஐம்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். படகு இப்போது என் தம்பியுடையது. வலையை எங்கே இறக்கலாம், எங்கே கூடாது என்று சொல்வது மட்டும் நைனாதான். ஜி.பி.எஸ். எல்லாம் வந்துவிட்டது, அவருக்குக் கரையைப் பார்த்தால்தான் நம்பிக்கை. ஒரே மாதத்தில் இரண்டு தடவை இடம் தப்பி, பாறையில் மாட்டி வலை கிழிந்தது.

"நைனாவுக்கு மறதி வந்துட்ச்சிக்கா. கடலுக்குப் போவாதன்னு டாக்டரையே சொல்ல வை" என்றான் தம்பி.

கடல் இல்லாமல் நைனா எப்படி இருப்பார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா கிழமை கேட்டார், மாதம் கேட்டார், பேரப்பிள்ளைகள் பெயரைக் கேட்டார். நைனா எல்லாம் சரியாகச் சொன்னார். பிறகு டாக்டரம்மா ஜன்னலைக் காட்டி, "அது என்ன கட்டடம், ஐயா?" என்றார்.

நைனா எட்டிப் பார்த்தார். "தெரிலம்மா."

எதிரே நின்றது பதினாலு மாடி. கடலில் இடம் குறித்துக்கொள்ள எங்கள் ஆட்கள் கரையில் தெரியும் இரண்டு உயரங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். மாதா கோயில் கோபுரத்தோடு பதினாலு மாடி ஒட்டி நின்றால் அடியில் பாறை, வலையை இறக்காதே என்பது நைனா நாள் தவறாமல் சொல்வது. அந்தக் கட்டடத்தையா இந்த மனுஷனுக்குத் தெரியவில்லை?

வெளியே வந்ததும் எரிந்து விழுந்தேன். "இன்னா நைனா இது? அதுதான் பதினாலு மாடி."

"இதுவா?" அவர் அண்ணாந்து பார்த்தார். "அது மாதா கோயிலாண்ட இல்ல கீது?"

மாதா கோயில் ராயபுரத்தில் இருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் யோசித்தேன், நைனா இந்த ரோட்டுக்கு எப்போது வந்தார்? ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அவர் மவுண்ட் ரோட்டைக் கடலிலிருந்துதான் பார்த்திருக்கிறார். அங்கே அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

திரும்ப மாடியேறி டாக்டரம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் முதலில் குழம்பினார், பிறகு சிரித்துவிட்டார். "பார்த்தவரைக்கும் மறதி மாதிரி தெரியலை. தாராளமா கடலுக்குப் போகட்டும்."

கீழே வந்து விஷயத்தைச் சொன்னேன். நைனா முகத்தில் சந்தோஷமே இல்லை. கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்மாந்தான் ஒசரமா?"

"ஆமா நைனா."

"ரெண்டு மாசமா நான் பாக்கறது இத்த வுட ஒசரம்மா. உச்சில கிரேன் ஒண்ணு கீது."

ஏதோ புதிதாக எழும்பும் அடுக்குமாடி; அதைத்தான் பதினாலு மாடி என்று வைத்து இடம் குறித்திருக்கிறார். பழையதை அது மறைத்துவிட்டதா, அவர் கண்தான் அதற்குத் தாவியதா, எனக்குத் தெரியாது.

"அப்ப உனக்கு மறதி இல்லியே. டாக்டரே சொல்ட்டாங்க" என்றேன்.

"மறந்திருந்தா தம்பியாண்ட கேட்டிருப்பேன். எனக்கு நல்லா நாபகம் கீதுன்னு நெனச்சிகினுதான் அவன பாறை மேல இட்டுகினு போனேன்."

என் போனை வாங்கித் தம்பியிடம் பேசினார். "நாளைக்கு நான் வர்ல. எடம் காட்ற மிஷினப் பாத்து நீயே போ." அவ்வளவுதான். போனை என்னிடம் நீட்டினார்.

"டாக்டர் இன்னாக்கா சொன்னாங்க?" என்று தம்பி கேட்டான்.

நைனாவுக்கு ஒன்றுமில்லை என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.