வளைவில் விளக்கை அணைத்த வழக்கு

மாலை ஐந்தே முக்காலுக்கு அப்பா பிரேக்கை மிதித்தார். நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், ஜீப்பின் முன்பலகையில் அப்பா ஒட்டி வைத்திருந்த சின்னக் கடிகாரத்தைத்தான் நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் முன்சீட்டில் உட்காரும் குழந்தைக்குப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இருக்காது. கண்ணாடிக்கு வெளியே பனி மட்டும்தான்.

ஏற்காட்டுக்கும் மஞ்சக்குட்டைக்கும் நடுவே அப்பா ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினார். அன்று சந்தை நாள். பின்னால் எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள் இருந்தார்கள், கூடவே மூட்டைகளும் ஒரு கூடைக் கோழியும். வண்டி குலுங்கி நின்றபோது அந்தக் கோழிகள்கூடச் சத்தம் போடவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். வளைவில், எங்கள் விளக்கு வெளிச்சம் மங்கி முடிகிற இடத்தில், என் வயதுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். முகம் எங்கள் பக்கம் இல்லை. மலையைப் பார்த்தபடி, வண்டி போகட்டும் என்று ஒதுங்கி நிற்கிறவள் மாதிரி உடம்பை ஒடுக்கிக்கொண்டு நின்றாள். ஆனால் அவள் நின்றது ஓரத்தில் அல்ல, சாலையின் நடுவில். இரண்டு செருப்பையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்திருந்தாள். மழைக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் நடப்போம். காலைக் கழுவிக்கொள்ளலாம், ஊறிய செருப்பு அறுந்துபோகும்.

அப்பா ஹாரன் அடிக்கவில்லை. இஞ்சினை அணைத்தார். பிறகு விளக்கையும் அணைத்தார்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பனிக்குள் யாராவது அப்படி நின்றால் முகத்தில் வெளிச்சம் அடிக்கக் கூடாது, ஹாரனும் கூடாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, போகிறவர் போகும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. முன்பு ஒருவர் திறந்தார். அவருடைய வண்டியில் ஏறுவதைவிட நடந்து போவது மேல் என்று ஜனங்கள் முடிவு செய்தார்கள். அவர் வண்டியை விற்றுவிட்டு மிளகு பறிக்கப் போனார்.

நாங்கள் இருட்டில் காத்திருந்தோம். அப்போதுதான் பின்னாலிருந்து போலீஸ் ஜீப் வந்தது. எங்கள் மேல் மோதாமல் ஒரு முழ இடைவெளியில் அது நின்றது அந்த டிரைவரின் கைத்திறன்.

எஸ்.ஐ. டார்ச்சோடு இறங்கி வந்தார். "யாருய்யா அது, வளைவுல லைட்டை அணைச்சுப் போட்டு? சாகறதுக்கு வேற எடம் கெடைக்கலையா?"

"வண்டி சூடாயிருச்சுங்க சார்."

"சரி. லைட்டும் சூடாயிருச்சா?"

அப்பா லைசென்ஸை எடுத்து நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு, கோர்ட்டில் வந்து பார்க்கச் சொல்லிவிட்டு எஸ்.ஐ. போனார். அவருடைய வண்டி வெளிச்சம் வளைவு முழுவதையும் தடவிக்கொண்டு போனது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கைப்பிடிச் சுவர். சாலையில் யாரும் இல்லை.

பின்சீட்டிலிருந்து ஒரு அம்மாள் கேட்டார். "ஏனுங்க, என்னத்துக்குங்க நிறுத்துனீங்க?"

"ஆடுங்க."

"இந்தப் பனியிலயா? நொம்பத் துணிச்சலான ஆடாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் வளைவைத் தாண்டும்வரை வண்டியை முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணை நீயும் பார்த்தாயா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான் அன்றிலிருந்து வீட்டில் தனியாக இருக்க மறுத்ததை அம்மா, முந்தைய வாரம் எனக்கு வந்திருந்த காய்ச்சலின் மிச்சம் என்று நினைத்தார்.

லைசென்ஸ் இல்லாமல் ஜீப் வீட்டு வாசலில் நின்றது. அடுப்பு எரிவதே அந்த ஜீப்பால்தான். அம்மாவின் தம்பி, கோர்ட் வாசலில் டைப் அடிப்பவருக்குச் சிநேகிதர் என்பதாலேயே சட்டம் தெரிந்தவர், வந்து வழி சொன்னார்.

"நீங்க பேசவே வேண்டாம் மச்சான். ஒத்துக்கறனுங்க அய்யான்னு ஒரே வார்த்தை. ஃபைனைக் கட்டுனா லைசென்ஸ் கைக்கு வந்துரும். வாயைத் தொறந்தீங்க, வாய்தா மேல வாய்தாதான்."

அதற்குள் போலீஸிடம் சொன்ன சூடும் பெண்களிடம் சொன்ன ஆடும் டவுன் டீக்கடையில் சந்தித்துக்கொண்டு விட்டன என்பது மாமாவுக்குத் தெரியாது.

கோர்ட் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். வாசலில் நின்று டவாலி ஒவ்வொரு பெயரையும் மும்முறை கூப்பிடுவார். காலையிலேயே பனி இறங்கியிருந்தது. அவர் பனியைப் பார்த்துக் கூப்பிடுவார். சில பெயர்களுக்கு அதற்குள்ளிருந்து ஆள் வரும், சிலவற்றுக்கு வராது. வராத பெயரை அவர் மூன்றாம் தடவை சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. நான் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா கூண்டருகே போய்க் கும்பிட்டு, சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தையைச் சொன்னார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"ஒத்துக்கறது இருக்கட்டும். வண்டி சூடுன்னு ரிப்போர்ட்ல இருக்கு. ஆடுன்னு ஊரே பேசிக்குது. ஆடா, சூடா?"

கோர்ட் சிரித்தது. எஸ்.ஐ.யும் சிரித்தார்.

"சூடுன்னா வண்டியை இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பணும், அதுவரைக்கும் ஓட்ட முடியாது. ஆடுன்னா லைட்டை ஏன் அணைச்சீங்க? பின்னால ஆளுங்களை வச்சுக்கிட்டு அணைக்கிறீங்கன்னா, குடிச்சிருந்தீங்களா?"

 குடி என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவில்கூட அப்பா தொட்டதில்லை.

"ஆடு இல்லீங்க," என்றேன். என் குரல் அந்த ஓட்டுக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. "ஒரு புள்ளை நின்னுச்சுங்க. செருப்பைக் கையில புடிச்சிருந்துச்சு."

மாமா என் வாயைப் பொத்துவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

நீதிபதி அப்பாவைக் கேட்டார். "நின்னுச்சா?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் வண்டி பிழைத்திருக்கும். பின்பெஞ்சில் அவருடைய வண்டியில் வழக்கமாக வருகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நின்னுச்சுங்க," என்றார்.

எஸ்.ஐ. என்னிடம் வந்தார். தொப்பியைக் கழற்றியிருந்தார். "எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நின்னுச்சு கண்ணு?"

"மலையைப் பாத்துங்க. பச்சப் பாவாடை."

அவர் வெளியே போய்க் காவலர் ஒருவரிடம் ஏதோ சொன்னார். அந்தக் காவலர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினார்.

நீதிபதி சின்ன அபராதம் போட்டு, லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். குழந்தைக்காக நிறுத்தியது சரி, விளக்கை அணைத்தது தப்பு என்று அவர் சொன்னபோது, இவ்வளவு எளிதாக முடிந்த விஷயத்துக்கா அப்பா அத்தனை பயந்தார் என்று நினைத்தேன். எளிதாக முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் ஜீப்பில் ஆள் ஏறவில்லை. அப்பா பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் காய்கறி மூட்டை ஏற்ற ஆரம்பித்தார். என்னை அவர் ஒருநாளும் கடிந்து பேசவில்லை.

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் பிள்ளை, அதற்கு முந்தைய மழைக்காலத்தில் கடைக்குப் போனவள், திரும்பவே இல்லை என்பதை வெகுநாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள். வளைவுக்குக் கீழே போலீஸ் தேடிப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகன். போன மாதம் ஒரு மழை மாலையில் அவன் பள்ளி பஸ்ஸில் வரவில்லை. பஸ் பழுதாகி வேறு வண்டியில் வந்தான், அவ்வளவுதான். ஆனால் அவனைக் காணாத அந்தக் கொஞ்ச நேரத்தில், அன்று காலை நனைந்த ஷூவுக்காக நான் அவனைத் திட்டியது மட்டும்தான் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் வந்து சேர்ந்து இத்தனை நாளாகியும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

அன்று கோர்ட் கலைந்த பிறகும், லைசென்ஸ் கைக்கு வரும்வரை நாங்கள் தாழ்வாரத்தில் காத்திருந்தோம். பனி தாழ்வாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. நாகலூர் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு, ஓடிப்போன அந்தக் காவலருக்குப் பின்னால் ஒரு பெண் வந்தார். தோட்டத்து வேலையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். இடுப்பில் சாக்கு கட்டியிருந்தது. அப்பா எழுந்து நின்றார். அந்தப் பெண் அப்பாவைப் பார்க்கவில்லை. என் முன்னால் மண்டியிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய கைகள் சில்லிட்டிருந்தன.

எங்கே பார்த்தாய், எப்போது பார்த்தாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவர் சொன்னதைப் பக்கத்து வீட்டுக்குச் சேதி கொண்டுபோகச் சொன்னது மாதிரி நான் எடுத்துக்கொண்டேன். சரிங்க என்று தலையாட்டினேன். பிறகு எத்தனையோ நாட்கள், அந்த வளைவு வரும்போதெல்லாம், சொல்ல வேண்டியதை மறந்துவிடாமல் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"புதுச் செருப்பு சாமி. நனைச்சா அடிப்பேன்னு நாந்தான் சொல்லி உட்டேன். இன்னொருக்கா பாத்தீன்னா, போட்டுக்கச் சொல்லு. அம்மா அடிக்க மாட்டாளாம்னு சொல்லு."