ஒன்பதாவது வளையம்

நான் பிறந்த வருடம்தான் செம்மநத்தத்தில் எங்கள் காப்பிக் காட்டு ஊற்று வற்றிப்போனது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் அத்தை. கிளியூரிலிருந்து வரும்போதெல்லாம், "இவ காலெடுத்து வெச்சா, ஊத்து வத்திருச்சு" என்று ஆரம்பித்துவிடுவார். அப்பா மறுத்துப் பேசமாட்டார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஊற்றைக் குடித்துத் தீர்த்தவள் நான்தான் என்று ஒன்பது வயதுவரை நானும் நம்பியிருந்தேன்.

அந்தக் கோடையில் ஆராய்ச்சி செய்யும் அக்கா ஒருவர் கல்லூரியிலிருந்து வந்தார். எங்கள் காட்டிலிருந்த சந்தன வேம்பு மரத்தில் துளை போட்டு, பென்சில் கனத்துக்கு ஒரு குச்சியை உருவி எடுப்பாராம். அதில் வருடத்துக்கு ஒரு வளையம் தெரியுமாம். மழை பொய்த்த வருடத்தின் வளையம் ஒல்லியாக இருக்குமாம். பழைய வறட்சிகளை எண்ணிப் பார்த்தால், இனி வரப்போவதையும் ஓரளவு கணிக்கலாமாம். அப்பா சரி என்றார். அத்தை சொன்னது அதுவரை வெறும் பேச்சுத்தான். மரமும் சாட்சி சொல்லிவிட்டால் என் கதி என்ன?

"அந்த மரத்துல முனி இருக்குதுங்க," என்றேன்.

அவர் மரியாதையாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் துளை போட ஆரம்பித்தார். என் பொய்க்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

வேடிக்கை பார்க்க அத்தையும் வந்து நின்றார். அந்த அக்கா குச்சியை லென்ஸ் வைத்துப் பார்த்து, பட்டைப் பக்கமிருந்து ஊசி முனையால் ஒவ்வொரு வருடமாக எண்ணினார். ஒன்பதாவதில், நான் பிறந்த வருடத்தில், ஊசி நின்றது. இது மிகவும் ஒல்லி என்றார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஊசி இன்னும் உள்ளே போனது. பத்தாவது அதைவிட ஒல்லி, பதினொன்றாவதும் அப்படியே. கல்லூரியில் குச்சியை வழுவழுப்பாகத் தேய்த்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும், ஆனால் வறட்சி அங்கேயே தொடங்கிவிட்டது போலிருக்கிறது என்றார். அப்பா குனிந்து குச்சியைப் பார்த்தார்.

"ஏனுங்க, அப்ப இவ பொறக்கறதுக்கு முந்தியேங்களா?"

"ஆமாங்க. ரெண்டு வருசம் முந்தியே."

மரத்துக்கு என்ன தெரியும் என்று முனகிக்கொண்டே அத்தை கொய்யா பறிக்கப் போய்விட்டார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சற்றுத் தள்ளி நின்றிருந்த அம்மாவிடம் ஓடினேன். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அடுத்த வறட்சி எப்ப வருமுங்க?"

வருடம் குறித்துச் சொல்ல முடியாது என்றார் அந்த அக்கா. ஆனால் இந்த வருடமே மழை குறைவு, வறட்சி வந்தால் இரண்டு மூன்று வருடம் சேர்ந்தாற்போல் வருவதை இந்த மரத்திலேயே பார்க்கிறோம், எதற்கும் கவனமாக இருங்கள் என்றார். அம்மா விரல் மடக்கி மாதங்களை எண்ணத் தொடங்கினாள். மழைக்கு இன்னும் எத்தனை மாதம் என்றுதான் பார்க்கிறாள் என நினைத்து, நானும் கூடவே உற்சாகமாக எண்ணினேன். தம்பி அப்போது அவள் வயிற்றில் இருந்தது எனக்குத் தெரியாது.