பூசணம் காத்த கத்தரி

முதலமடைக்குக் கிழக்கே மழை எட்டிப் பார்க்காத மண் எங்களுது. கிணறு எனக்கும் கொழுந்தனாருக்கும் பொது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த மறு வருசம், நான் கத்தரி நாத்து நடும் நேரம் பார்த்து, கொழுந்தனார் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டார்.

"உங்க பங்கை எனக்கே விட்டுருங்க அண்ணி. செடி காஞ்சா அடுப்புக்கு ஆகும், கவலைப்படாதீங்க" என்றார்.

என் பங்குக் காட்டு நிலம் கை மாறினால் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும். அதற்கு நான் ஆளில்லை.

கிருஷிபவன் என்கிற வேளாண்மை ஆபீசில் ஒரு பெண் வேர்ப்பூசணம் என்று ஒரு பொடி கொடுத்தாள். வேரோடு ஒட்டி நூல் நூலாக ஓடுமாம். வேர் எட்டாத இடத்து ஈரத்தையும் இழுத்துக் கொடுக்குமாம். சோற்றில் பூசணம் கண்டால் பானையோடு கவிழ்ப்பவள் நான். இருந்தாலும் குழிக்குக் குழி போட்டு, அதன்மேல் வேர் படும்படி நட்டேன். பஞ்சாயத்துக் குழாயில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன்.

பங்குனியில் அவர் பூட்டி வைத்த கிணறே வற்றிப்போனது. அவர் போட்டிருந்த மிளகாய்ச் செடி வாடித் தொங்கியது. என் கத்தரி மத்தியானம் வாடும், பொழுது சாய்ந்தால் தலை தூக்கும். காய் சிறுசுதான், ஆனால் காய்த்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "ஏனுங்க அண்ணி, என்னத்தப் போட்டீங்க?"

"கிருஷிபவன் பொடிங்க தம்பி."

எங்கே போட்டேன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் மாந்தோப்புக்கு மருந்தடித்தே பழகிய கை. எதைக் கொடுத்தாலும் தண்ணீரில் கரைத்து இலைக்கு அடிப்பார். மறுநாளே அந்தப் பொடியை வாங்கி வந்து, கரைத்து மிளகாய்க்கு அடித்தார். மருந்தடிக்கும் பம்பின் மூக்கு அடைத்துக்கொள்ள, ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி மறுபடி அடித்தார். வரப்பில் உட்கார்ந்து, வெற்றிலை மென்றபடி கடைசி வரைக்கும் பார்த்தேன். வேருக்குப் போக வேண்டியது இலையில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

மிளகாய் சருகானதும் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். "மழை பேஞ்சு கிணறு ஊறட்டுங்க, தண்ணி எடுத்துக்குங்க. அந்தப் பொடியை எப்படிப் போடறதுன்னு மட்டும் சொல்லிருங்க."

சாவியை வாங்கி என் மடியில் முடிந்துகொண்டேன்.

"மொளகாச் செடி நல்லா எரியுங்க தம்பி. அடுப்புக்கு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் காய் பறிக்கப் போனேன்.