ஒட்டுப் போட மறுத்த சின்னையா அண்ணன்

செய்தி வந்தபோது நான் ருவான்வெல்லையில் என் பட்டறையில் இருந்தேன். பஸ்ஸுக்குப் போடும் ரப்பர் புஷ்களை அச்சில் ஏற்றிச் சூட்டில் வைத்திருந்தேன். "அண்ணன் போயிட்டாரும்மா" என்றார் பார்வதி அண்ணி, போனில். அச்சைத் திறக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. முன்னதாகத் திறந்தால் ரப்பர் வேகாமல் கெட்டுவிடும். அப்படிச் செய்திருந்தால் அண்ணனே எழுந்து வந்து திட்டியிருப்பார். அழுதுகொண்டே மணியைப் பார்த்து நின்று, முழுசாக வேகவைத்து இறக்கிய பிறகுதான் யட்டியாந்தோட்டைக்கு பஸ் ஏறினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்னையா அண்ணன் தோட்டத்து ரப்பர் பேக்டரியில் முப்பது வருடம் மெசின்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவர். நானும் அதே பேக்டரியில் ரப்பர் ஷீட் தரம் பிரித்தவள். ரோலர் வெடித்தாலும் குழாய் ஒழுகினாலும் கொழும்பிலிருந்து புதுச் சாமான் வராது. அண்ணனின் வெல்டிங் ஒட்டுத்தான் வரும். 'ஒட்டு சின்னையா' என்றால் நாலு தோட்டத்துக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றதும், ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைக்கூடம் சும்மா கிடந்ததால், தோட்டத்துத் துரையிடம் அதைக் கேட்டு வாங்கினார். அதற்குள் ஓராள் ஏறக்கூடிய சின்ன விமானம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். லயத்து வீடுகளில் இருந்த சனமே சிரித்தது. "என்னண்ணே, டவுனுக்கு பஸ் இல்லாத குறைய தீக்கப் போறீங்களா?" என்று கேட்டால், "பஸ்ஸுல தொங்கிக்கிட்டாவது வரலாம். இதுல ஒராளுதான், மன்னிச்சுக்கங்க" என்பார். அவருக்கு ஓட்டத் தெரியாது. பெல்மதுளையில் இருக்கும் சிங்களவர் நிமல், நாங்கள் மரியாதையாக மாத்தையா என்போம், விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். விமானத்துறை அதிகாரிகள் பார்த்து அனுமதி தந்ததும் முதலில் ஏறிப் பார்க்க அவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். மறைத்து எழுதினால் இது அஞ்சலி ஆகாது.

விமானத்தின் மூக்கில் எஞ்சினைத் தாங்கி நிற்பது ஓர் இரும்புக் குழாய்ச் சட்டம். அண்ணன் அதை மவுண்டிங் என்பார். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில், அதிர்வைத் தாங்க நாலு ரப்பர் புஷ்கள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து எடுக்கலாம் என்றார். எனக்கு வந்ததே கோபம்! "உலகத்துக்கே ரப்பர் குடுக்குறது நாங்க. நாலு புஷ்ஷுக்குக் கப்பல் வரணுமாண்ணே?" என்றேன். நம்ம தோட்டத்து ரப்பரிலேயே வார்த்துக் கொடுத்தேன். அவரும் பெருமையாக மாட்டினார்.

எஞ்சினைச் சில வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு அண்ணன் மவுண்டிங்கின் மூட்டுகளில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புப் பொடி தூவினார். பேக்டரியில் விரிசல் தேடும் வழி அதுதான். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். கீழ் மூட்டில் விரல் நீளத்துக்குக் கோடு விழுந்தது.

"கமக் நே, பரவாயில்ல. நீங்க ஒட்டினா போதும், நான் ஏறுவேன்" என்றார் நிமல் மாத்தையா, சிங்களமும் தமிழும் கலந்து. அண்ணனுக்கு அப்போதே இதய நோய். டாக்டர் நாள் சொல்லாத குறைதான். அண்ணிகூட, "ஒட்டிட்டுப் பறக்க விட்டுப் பாத்துருங்களேன்" என்று கண் கலங்கினார்.

அண்ணன் அசையவில்லை. "முப்பது வருசம் ஒட்டினேன். அதெல்லாம் நெலத்துல நிக்கிற மெசின், நின்னா நின்னுச்சு. மேல போயி நின்னா? ஒரு எடத்துல விரிசல் விட்ட இரும்பு பக்கத்துலயும் களைச்சிருக்கும். ஏறப்போறது நானில்ல, மாத்தையா. ஒங்களுக்கு ரெண்டு புள்ளைங்க. எனக்கு நாளு கம்மிங்கிறதுக்காக ஒங்க நாள நான் கொறைக்க முடியாது." அன்றைக்கே மவுண்டிங்கைக் கழற்றிக் கீழே வைத்தார்.

எதனால் விரிசல் விழுந்தது என்று தேடினோம். புஷ்ஷைக் கையில் எடுத்தேன். எஞ்சின் எண்ணெய் குடித்து ஊதியிருந்தது. நகத்தால் அழுத்தினேன், பதிந்த தடம் மீளவில்லை. புஷ் தளர்ந்ததால்தான் எஞ்சின் ஆடிச் சட்டத்தில் விரிசல் விழ வைத்திருக்கிறது. "அண்ணே, நான்தாண்ணே கெடுத்தேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "பேக்டரியில எண்ணெய்ல மிதிச்ச செருப்பு ஊதுறத தெனமும் பாத்தவங்கதானே ரெண்டு பேரும்? நம்ம ரப்பருங்கிற பெருமையில மறந்துட்டோம். போ புள்ள, எண்ணெய் தாங்குற ரப்பர் எடுத்து வா." கொழும்பில் செயற்கை ரப்பர் வாங்கிப் புதிதாக வார்த்தேன்.

சரியான இரும்புக் குழாய் வந்துசேர எட்டு மாதம் ஆனது. அதற்குள் அண்ணனால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாமல் போனது. முக்காலியில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு மூட்டு என்று வெல்டிங் செய்தார். மூச்சு வாங்கினால் வேலையை நிறுத்தினார். சரியில்லை என்று தோன்றிய ஒன்றை வெட்டிவிட்டு மறுபடி செய்தார். எஞ்சினை ஏற்றி முடித்த அன்று என்னைக் கூப்பிட்டார்.

"எஞ்சின பத்து மணிநேரம் ஓட விட்டுட்டு சுண்ணாம்பு போடணும். நீயே பாரு தங்கச்சி."

"நான் எதுக்குண்ணே? கெடுத்தவளாச்சே."

"அதுக்குத்தான். நீதான் பயந்து பயந்து பாப்ப. பயப்படுறவ கண்ணுலதான் கோடு படும்."

மறுநாள் காலையில்தான் அந்த போன் வந்தது.

கருமாதி முடிந்த பிறகு, விமானத்தின் வாலை மரத்தில் கட்டி, நிமல் மாத்தையா பல நாளாகப் பிரித்துப் பத்து மணிநேரமும் எஞ்சினை ஓட்டி முடித்தார். நேற்று நான் மண்ணெண்ணெய் தடவித் துடைத்தேன். சுண்ணாம்பு தூவினேன். அண்ணி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம் காத்திருந்தோம். பிறகு டோர்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

நிமல் மாத்தையா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை; முதலில் மனசுக்குள் உங்களிடம்தான் சொன்னேன். அண்ணே, கோடு விழல. அதிகாரிங்க வந்து பாத்ததும் மாத்தையா ஏறலாம். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க.