ஞாயிறு வரை நீடிக்க வேண்டிய வேலைநிறுத்தம்

ரயில் வேலைநிறுத்தம் ஞாயிற்றுக்கிழமை வரையாவது இழுக்க வேண்டும் என்று சேக் தாவூத் உள்ளுக்குள் துஆ கேட்டுக்கொண்டிருந்தார். நியூ ஜெர்சியில் அப்படி ஆசைப்பட்டவர் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருக்கும். அதிலும் அவர் ரயில்காரர்.

அதிராம்பட்டினத்திலிருந்து மனைவியையும் பன்னிரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். எடிசனில் மைத்துனரின் மளிகைக் கடையில் சில வருஷம் மூட்டை பிரித்தார். பிறகு பரீட்சை எழுதித் தேறி, மன்ஹாட்டன் போகும் வண்டியில் கண்டக்டர் ஆனார். கதவைத் திறப்பது, மூடுவது, டிக்கெட் பார்ப்பது, யாராவது மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிப்பது, வண்டி தாமதமானால் வசவு வாங்குவது, இவ்வளவும் அவர் வேலை. முன்பு மூன்று பேர் பார்த்த வண்டியை இப்போது இரண்டு பேர் பார்க்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களின் இடம் நிரப்பப்படவில்லை.

மகள் ஹஃப்சா கல்யாணமாகி நாட்டின் மறுகோடியில் சான்டா கிளாராவில் இருந்தாள். மார்ச் மாதமே மனைவி ரசியா பேகம் மகளின் பேறுகாலத்துக்காக அங்கே போய்விட்டார். அதிலிருந்து வீட்டில் தமிழ் கேட்பது நின்றுபோயிற்று. மிச்சமிருந்தது காலை வண்டித் தமிழ்தான். மூன்றாவது பெட்டியில் தினமும் எதிரெதிரே உட்காரும் முகுந்தும் விஷாகாவும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள். தாவூதின் சட்டையில் பெயர் இருந்தும், இவருக்குத் தமிழ் தெரியும் என்று அவர்கள் நினைத்துப் பார்த்ததில்லை. அவரும் சொன்னதில்லை. சொன்னால் பேச்சை அடக்கிக்கொள்வார்களே என்ற பயம். பக்கத்து இருக்கைகளில் டிக்கெட் பார்க்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகப் பார்ப்பார்.

வேலைநிறுத்தப் பேச்சு அடிபட்ட வாரத்தில் அந்த இருவரும் சண்டைதான் போட்டார்கள்.

"கார் டிரைவர் இல்லாம ஓடுது விஷாகா. தண்டவாளத்துல போறதுக்கு எதுக்கு இத்தனை பேரு? டிக்கெட் ஆப்ல இருக்கு. இவரு அதை வந்து வெரிஃபை பண்ணி என்ன ஆகப் போகுது?"

"போன வாரம் டனல்ல கரண்ட் போச்சே, அப்ப யாரு டார்ச் அடிச்சு உன்னை இறக்கி விட்டா? உன் ஆப்பா?"

"அதுக்காக ஸ்ட்ரைக் பண்ணுவாங்களா? எனக்குப் பிடிக்கலன்னா நான் வேற வேலை தேடுவேன்."

"நீயா? மேனேஜர் மெயில் அனுப்பினாலே உனக்கு வேர்க்கும்."

தாவூத் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் நீட்டிய தொலைபேசியைப் பார்த்து, "நன்றி" என்று ஆங்கிலத்தில் சொல்லி நகர்ந்தார்.

விடுப்பு விஷயத்தில்தான் அவரால் சிரிக்க முடியவில்லை. ஜனவரியிலேயே பணிமூப்புப்படி விடுப்பு வாரங்களைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அவருக்குக் கிடைத்தது செப்டம்பர். குழந்தையோ மே மாதம். மாற்றிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. மேலாளரிடம் மூன்று முறை போய் நின்றார். மூன்று முறையும் ஒரே பதில்: "ஆள் இல்லை, டேவிட்." தாவூத் என்ற பெயரை அவர் கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

திங்கட்கிழமை பெண் குழந்தை பிறந்தது. வழக்கப்படி குழந்தையின் காதில் பாங்கு சொன்னது மருமகன் ஜாவித். ஏழாம் நாளான ஞாயிறன்று முடியிறக்கிப் பெயர் வைப்பதென்று முடிவாயிற்று.

"பேரை நீங்கதான் கூப்பிடணும் வாப்பா. எனக்கு அது முக்கியம்" என்றாள் ஹஃப்சா. "லீவ் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. என் கிராஜுவேஷனுக்கும் அதான் சொன்னீங்க."

வியாழக்கிழமை விடியலில் எஞ்சின் ஓட்டுநர்கள் வேலையை நிறுத்தினார்கள். கண்டக்டர்கள் வேறு சங்கம், அவர்களுக்கு வேலைநிறுத்தம் இல்லை. ஆனால் வண்டி ஓடாதபோது கண்டக்டருக்கு என்ன வேலை? சம்பளம் கிடையாது, கூப்பிட்டால் மறுநாள் காலை வர வேண்டும் என்று மட்டும் நிர்வாகம் சொல்லியிருந்தது. தாவூத் உடனே வெள்ளிக்கிழமை விமானத்துக்குச் சீட்டு எடுத்தார். ஓட்டுநர்கள் கேட்டது நியாயம் என்பதே அவர் எண்ணம். அவர்களுக்குச் சீக்கிரம் நல்லது நடக்க வேண்டும் என்றும் விரும்பினார். ஆனால் ஞாயிற்றுக்குப் பிறகு நடக்கட்டும் என்று மனம் பேரம் பேசியது. அது அவருக்கே வெட்கமாக இருந்தது.

விமான நிலையத்துக்கு அவர் போக வேண்டியதும் ரயிலில்தான். ரயில் இல்லாததால் வெள்ளிக்கிழமை காலை எடிசன் ஸ்டேஷன் வாசலில், மாற்றுப் பேருந்துக்கான வரிசையில் பெட்டியோடு நின்றார். அவருக்கு முன்னால் முகுந்தும் விஷாகாவும். தொப்பியும் சீருடையும் இல்லாத அவரை இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. வேலைக்குப் போக வழியில்லாத இன்னொரு கம்ப்யூட்டர்காரர் என்று நினைத்து முகுந்த் ஒரு பெருமூச்சைப் பகிர்ந்துகொண்டான்.

தொலைக்காட்சிக்காரப் பெண் ஒருத்தி மைக்கோடு வரிசையை ஒட்டி வந்தாள். தாவூதின் பெட்டியைக் கண்டதும் அவர் முன் நின்றாள்.

"இந்த வேலைநிறுத்தத்தால் உங்களுக்கு எவ்வளவு கஷ்டம், சார்?"

"என் மகளைப் பார்க்கப் போகிறேன்" என்றார் தாவூத்.

"ரயில் இல்லாமல் தவிக்கிறீர்கள். ஓட்டுநர்கள் மேல் கோபமா?"

"இல்லை. அவர்கள் நிறுத்தியதால்தான் என்னால் போக முடிகிறது."

மைக் தாவூதை விட்டு முகுந்திடம் போயிற்று. அவன் கேட்டதற்கும் கேளாததற்கும் சேர்த்துப் பதில் சொன்னான்.

அவன் பேசி முடிப்பதற்குள் வரிசையின் தொடக்கத்தில் கைதட்டல் கிளம்பியது. ஒவ்வொருவராகத் தொலைபேசியைப் பார்த்தார்கள். உடன்பாடு ஏற்பட்டுவிட்டது. நாளைக் காலை முதல் வண்டிகள் ஓடும். முன்பின் தெரியாதவர்கள் முதுகில் தட்டிக்கொண்டார்கள். தாவூத் பெட்டியின் கைப்பிடியை விடாமல் நின்றார்.

அவருடைய தொலைபேசி அடித்தது. பணி ஒதுக்கும் அலுவலகம். சனிக்கிழமை காலை முதல் வண்டிக்கு அவர் பெயர். இரண்டு நாள் கழித்து வரலாமா என்று கேட்டார். வேறு ஆள் இல்லை, நீங்கள் வராவிட்டால் அந்த வண்டியை ரத்து செய்வோம் என்றார்கள். சரி என்றார். பிறகு ஹஃப்சாவை அழைத்தார்.

"வாப்பா, பிளேன் ஏறிட்டீங்களா?"

"இல்லம்மா. ஸ்ட்ரைக் முடிஞ்சிருச்சு. நாளைக்கு டூட்டிக்குக் கூப்பிட்டுட்டாங்க."

அவள் குரல் உடைந்தது. "ஊரே ட்ரெயின் வந்துருச்சுன்னு குதிக்கும். நான் மட்டும் உக்காந்து அழுவணும். உம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன்மா. நீ அழுவாதே, பச்ச உடம்பு."

விஷாகா திரும்பிப் பார்த்தாள். "அங்கிள், நீங்க தமிழா?" முகத்தை இன்னும் உற்றுப் பார்த்தாள். "அய்யோ! நீங்க நம்ம ட்ரெயின்ல..."

முகுந்தின் காது மடல் சிவந்தது. "சாரி அங்கிள். உங்க முன்னாடி நாங்க என்னென்னமோ பேசியிருப்போமே."

"பேசுனீங்க தம்பி. வீட்டுல தமிழ் பேச ஆளில்ல. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

"என் கார் இங்கதான் பார்க் பண்ணியிருக்கேன். ஏர்போர்ட்ல டிராப் பண்றேன், வாங்க. ஒரு நாள் நீங்க போகலன்னா ரயில் ஓடாதா என்ன?"

"ஓடாதாம். இப்பதான் சொன்னாங்க."

பேருந்து வந்தது. தாவூத் பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகி, பின்னால் இருந்தவர்களுக்கு வழி விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய வண்டி கடைசி நிறுத்தத்தில் திரும்புவதற்காக நின்றது. சான்டா கிளாராவில் அப்போது முற்பகல். ஆளில்லாத பெட்டியில் உட்கார்ந்து தாவூத் அழைத்தார். ரசியா பேகம் தொலைபேசியைக் குழந்தையின் காதருகே பிடித்தார். தாவூத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சுமையா" என்று கூப்பிட்டார். மூன்று முறை. அந்தப் பக்கம் உறவினர்கள் வாழ்த்தும் சத்தம் கேட்டது.

"அழுவுறாளா?" என்று கேட்டார்.

"எங்கே? முடி இறக்குனப்பக்கூட முழிக்கல. உங்கள மாதிரி தூக்கம்" என்றார் ரசியா பேகம்.

"ஒரு தடவ அவ சத்தத்தக் கேக்கணும் ரசியா."

ஹஃப்சா தொலைபேசியை வாங்கினாள். "இருங்க வாப்பா, எழுப்புறேன். உள்ளங்கால்ல லேசா சொரிஞ்சா எந்திரிப்பா." துணி சலசலத்தது. "சுமையா... சுமையாக் கண்ணு... என் வாப்பா லைன்ல இருக்காங்க பாரு..."

தாவூத் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். நடைமேடையிலிருந்து ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். ஒரு சிணுங்கல் போலக் கேட்டது. குழந்தையா, கதவா என்று தெரியவில்லை. ஓட்டுநர் மணி அடித்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றவர், பிறகு "நான் அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவுகளை மூடப் போனார்.